குடும்ப மருத்துவர்: நோயாளிகளும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்ப மருத்துவத்தைப் பற்றி நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும், இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கும் மருத்துவ மாணவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் உடல்நிலையை நேரில் பார்த்து ஒரு மருத்துவர் சொல்வதற்கு இவை ஈடாகா.

டாக்டருக்குப் படித்துவிட்டு கிளினிக் வைத்திருப்பவர் எல்லோரும் குடும்ப மருத்துவர்தானே?

பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்லிவருகிறோம். ஆனால் குடும்ப மருத்துவம் என்பது தனியாகப் பயிற்சி பெற வேண்டிய ஒரு சிறப்புத் துறை. அமெரிக்காவில் 1969இல் அது தனித் துறையாக ஏற்கப்பட்டது. அங்கே அடிப்படை மருத்துவப் படிப்புக்குப் பிறகு மூன்று ஆண்டுப் பயிற்சி உண்டு. பிரிட்டனில் படிப்பை முடித்து இரண்டு ஆண்டு பொதுப் பயிற்சியும் பெற்ற பிறகு மேலும் மூன்று ஆண்டுகள் பயில வேண்டும். இந்தியாவிலும் தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்ற மூன்று ஆண்டுப் பட்ட மேற்படிப்பு இருக்கிறது. குழந்தை நலம், கர்ப்பகாலக் கவனிப்பு, முதியோர் நலம், மனநலம், தோல் நோய்கள், சிறு அறுவைச் சிகிச்சைகள் ஆகியவை எல்லாம் இந்தப் பயிற்சிக்குள் அடங்கும்.

மற்றத் துறைகளுக்கு ஓர் உறுப்போ ஒரு வயதோ எல்லையாக இருக்கிறது. குடும்ப மருத்துவத்துக்கு அப்படி எல்லை கிடையாது. நெஞ்சு வலியோடு வருபவரைச் சோதித்துப் பார்த்து, "இது இதயக் கோளாறு இல்லை" என்று இதய நிபுணர் சொல்லும்போது அவருடைய பொறுப்பு முறையாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த வலிக்குக் காரணம் என்ன, அதற்கு என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு அவர் திரும்பி வரும் இடம் குடும்ப மருத்துவருடைய அறை. "இது என் துறை இல்லை" என்று சொல்ல முடியாத ஒரே துறை இதுதான் என்பது என் கருத்து.

எனக்குத் தலைவலி. நேரே நரம்பியல் நிபுணரிடம் போனால் என்ன? நடுவில் இன்னொருவர் எதற்கு?

தலைவலி என்றால் நரம்பியல் என்று நாமாக முடிவு செய்துகொள்வதில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. தலைவலிக்குக் காரணம் கழுத்துத் தசையாக இருக்கலாம், கண் பார்வையாக இருக்கலாம், தூக்கக் குறைவாக இருக்கலாம், அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம். எந்த வாசலைத் தட்டுவது என்று தீர்மானிப்பதே ஒரு மருத்துவ முடிவு.

1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஏறக்குறைய 750 பேருக்கு ஏதோ ஓர் உடல்நலக் குறைவோ காயமோ ஏற்படுகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். 5 பேர் வேறொரு மருத்துவருக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரே ஒருவர் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறார். மருத்துவக் கல்வியின் பெரும்பகுதி அந்த ஒருவரைப் பார்த்தே நடக்கிறது. மீதிப் பேரைப் பார்ப்பதற்கு வேறொரு விதமான பழக்கம் தேவைப்படுகிறது.

நிபுணர் பார்ப்பது ஏற்கெனவே சலித்து அனுப்பப்பட்டவர்களை. அங்கே ஒரு பரிசோதனையில் கோளாறு தெரிந்தால் அது உண்மையான நோயாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதே பரிசோதனையை யாரும் சலிக்காத கூட்டத்தில் செய்தால், நோய் இல்லாதவர்களுக்கும் "ஏதோ இருக்கிறது" என்று காட்டும். அதைத் தொடர்ந்து தேவையற்ற ஸ்கேன், தேவையற்ற பயம், சில நேரம் தேவையற்ற ஊசியும் கத்தியும் வரும். நிபுணர் வேண்டும் என்ற நிலையில் குடும்ப மருத்துவர் காலம் கடத்தாமல் அனுப்ப வேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவர் கொடுக்கும் கடிதத்தில் இதுவரை நடந்தது, கொடுத்த மருந்துகள், ஒவ்வாமை, தெளிவாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி ஆகியவை இருந்தால் நிபுணரின் நேரமும் மிச்சமாகும்.

ஒரே டாக்டரிடம் போய்க்கொண்டே இருப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அது வெறும் பழக்கமா?

பயன் உண்டு. 2022இல் நார்வேயிலிருந்து வெளியான ஓர் ஆய்வு நாட்டின் பெரும்பாலான மக்களுடைய பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓர் ஆண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே அவசர மருத்துவத்தை நாடுவது 30 சதவீதமும், திடீரென மருத்துவமனையில் சேர நேர்வது 28 சதவீதமும், இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தன. இது மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வே தவிரச் சோதனை முறையில் நடத்தியது அன்று. ஆகவே எல்லாப் பெருமையும் மருத்துவரையே சேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உறவின் நீளம் கூடக்கூடப் பயனும் படிப்படியாகக் கூடியது கவனிக்கத்தக்கது.

ஏன் அப்படி என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். காய்ச்சல் முற்றிய பிறகும் வீட்டார் இழுத்துக்கொண்டு வந்தால்தான் வருவேன் என்றிருக்கும் ஒருவர், ஒரு நாள் யாரும் சொல்லாமல் தானாகவே வந்து, "லேசாக நெஞ்சு கனமாக இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை" என்கிறார். புதிய மருத்துவருக்கு அது ஒரு சாதாரண வாக்கியம். அவரைப் பத்து ஆண்டுகளாக அறிந்தவருக்கு, அவர் வந்து நிற்பதே உடனே ஈ.சி.ஜி. எடுக்கப் போதுமான காரணம். எந்த ஆய்வகத்திலும் இந்தத் தகவலை வாங்க முடியாது.

டெஸ்ட் எதுவும் எழுதாமல் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, ஏன்?

ஏனென்றால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. 1975இல் பிரிட்டனில் 80 புதிய நோயாளிகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. அவர்களில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து அவர்கள் சொன்னதைக் கேட்ட அளவிலேயே மருத்துவர் வந்த முடிவு கடைசிவரை மாறவில்லை. உடலைத் தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வகப் பரிசோதனையால் மாறியது மற்ற 7 பேருக்கு. பிறகு ஸ்கேன் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனாலும் எந்த ஸ்கேனை எடுப்பது என்பதை இன்றும் நோயாளியின் பேச்சுதான் சொல்கிறது.

கேட்பதில் மருத்துவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவுசெய்தது. குறுக்கிடாமல் விட்டால் பெரும்பாலானோர் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே சொல்லி முடித்துவிடுவார்கள். முக்கியமான செய்தி கடைசியில்தான் வரும் என்பதையும் பார்த்திருக்கிறேன்: மருந்துச் சீட்டை வாங்கி மடித்து, எழுந்து, கதவில் கைவைத்த பிறகு, "அப்புறம், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்று வரும் அந்த ஒரு வரிக்காகவே அவர் அன்றைக்கு வந்திருப்பார். நீங்கள் நோயாளியாக இருந்தால், அந்த வரியை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரமாக இருமல் நிற்கவில்லை. ஆன்டிபயாடிக் எழுதித் தரச் சொன்னால் ஏன் தயங்குகிறார்?

சளியோடு வரும் இருமலில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. இத்தகைய இருமல் சராசரியாக 18 நாள்வரை நீடிக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மக்களோ ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறார்கள். எட்டாம் நாள் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுப் பதினைந்தாம் நாள் குறைந்தால், மருந்தால்தான் குறைந்தது என்று மனம் நம்பிவிடுகிறது. அடுத்த முறையும் அதையே கேட்கிறது.

தேவையில்லாத ஆன்டிபயாடிக் வயிற்றுப்போக்கையும் ஒவ்வாமையையும் கொண்டுவரலாம்; உடலில் இருக்கும் பாக்டீரியாக்களை மருந்துக்கு அடங்காதவையாகவும் ஆக்கலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கே 1945இல் நோபல் பரிசு உரையில் இந்த அபாயத்தை எச்சரித்தார். மருத்துவர் தயங்குவது அலட்சியத்தால் அன்று. மூச்சு வாங்குதல், நெஞ்சைக் குத்தும் வலி, இரத்தம் கலந்த சளி, குறைந்து மீண்டும் ஏறும் காய்ச்சல், மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல், எடை குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கதை மாறிவிடுகிறது. அப்போது மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

"இரண்டு நாள் பார்ப்போம், மறுபடி வாருங்கள்" என்றால் அவருக்கு என்னவென்று தெரியவில்லை என்றுதானே பொருள்?

சில நேரங்களில் அப்படித்தான். அதை அவர் ஒளிக்காமல் சொல்வதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவரிடம் நோய் அதன் தொடக்கத்தில் வருகிறது, அப்போது பல நோய்கள் ஒரே முகத்தோடு இருக்கின்றன. குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றிய மந்தமான வலியாகத் தொடங்கி, பல மணி நேரம் கழித்துத்தான் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அக்கியில் முதுகிலோ விலாவிலோ எரிச்சல் வந்து சில நாள் கழித்தே கொப்புளம் தெரியும். முதல் நாள் எந்தக் கருவியாலும் சொல்ல முடியாததை மூன்றாம் நாள் வெறும் கண்ணே சொல்லிவிடும். காலத்தையே ஒரு பரிசோதனையாகப் பயன்படுத்துவது இந்தத் துறையின் முக்கியமான திறமை.

ஆனால் "பார்ப்போம்" என்பதோடு மூன்று விவரங்கள் சேர்ந்து வர வேண்டும்: இது எப்படிப் போகும் என்று அவர் எதிர்பார்க்கிறார், எந்த மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும், ஒன்றும் மாறாவிட்டாலும் எப்போது திரும்பி வர வேண்டும். இந்த மூன்றையும் சொல்லாமல் வெறுமனே "பார்ப்போம்" என்று அனுப்பினால், நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆண்டுக்கு ஒரு முறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது நல்லதுதானே? அதை ஏன் ஊக்குவிப்பதில்லை?

இயல்பான அளவு என்று ஆய்வக அறிக்கையில் அச்சிட்டிருப்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்கும் அளவு. அப்படியானால் எந்த நோயும் இல்லாத ஒருவருக்கும் ஒவ்வொரு பரிசோதனையிலும் 20இல் ஒரு வாய்ப்பு, முடிவு எல்லையைத் தாண்டி வருவதற்கு இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அந்த ஒற்றை எண்ணைத் துரத்திக்கொண்டு அடுத்த ஸ்கேன், அடுத்த நிபுணர் என்று மாதங்கள் ஓடும். அந்த மாதங்களில் அவர் தூங்குவதில்லை.

நோய் தெரியாத நிலையிலேயே தேடுவது எப்போது நியாயம் என்பதற்கு வில்சன், யுங்னர் என்ற இருவர் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வகுத்த அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன. நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், முன்கூட்டியே கண்டால் பலன் இருக்க வேண்டும், ஏற்கத்தக்க பரிசோதனையும் சிகிச்சையும் இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. இரத்த அழுத்தம், உரிய வயதில் சர்க்கரையும் கொழுப்பும், பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை போன்றவை இந்த அளவுகோல்களில் தேறுகின்றன. மீதியை உங்கள் வயது, புகைப் பழக்கம், குடும்ப வரலாறு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பி.பி. மாத்திரை ஒரு முறை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாதாமே? அதனால்தான் பயமாக இருக்கிறது.

முதலில், அளவு சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது. கை, இதயத்தின் உயரத்தில் ஒரு மேசைமேல் தாங்கலாக இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கையின்மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும். மாடிப்படி ஏறி வந்த கையோடு நாற்காலியின் நுனியில் அமர்ந்து, பேசிக்கொண்டே அளந்த ஓர் எண்ணை வைத்து யாரையும் நோயாளி ஆக்கக் கூடாது. மருத்துவரைப் பார்த்தவுடன் அழுத்தம் ஏறுகிறவர்களும் உண்டு. ஆகவே மிக அதிகமாகவோ வேறு அபாய அறிகுறிகளோடோ இல்லாவிட்டால், வீட்டில் சில நாள் காலையும் மாலையும் அளந்து எழுதிவரச் சொல்வது வழக்கம். கிளினிக்கில் 140/90 என்பது எல்லையானால், வீட்டில் எடுத்த சராசரிக்கு 135/85 என்று பல வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தம் அதிகம் என்றால் மருந்து தேவை. பெரும்பாலானோருக்கு அது நீண்ட நாள் தொடரும் என்பது உண்மை. மாத்திரை உடலை அடிமையாக்கிவிடுகிறது என்பது உண்மை இல்லை. நோய் நீண்ட நாள் இருப்பதால் மருந்தும் இருக்கிறது. உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, நடைப்பயிற்சியைத் தொடர்ந்தவர்களில் சிலருக்கு அளவைக் குறைக்கவும் சிலருக்கு நிறுத்தவும் முடிந்திருக்கிறது. ஆனால் அதை மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டும். சில மாத்திரைகளைத் தானாகத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும்.

நான்கு நிபுணர்கள் நான்கு சீட்டு எழுதியிருக்கிறார்கள். இதில் எதை நிறுத்துவது என்று குடும்ப மருத்துவர் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டியவரும் அவரே. எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களாக வாங்கியவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு நிறுவனப் பெயர்களில் இரண்டு அட்டைகளாக இருப்பது அந்தப் பையைக் கொட்டும்போதுதான் தெரியவரும்.

அடிக்கடி பார்க்கும் ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கப்படுகிறது. அது சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். வீக்கத்தை வேறொருவர் பார்த்து, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எழுதுகிறார். இந்த வீக்கத்துக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. அந்த மாத்திரை இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்ட, கால் பெருவிரலில் வாத வலி வருகிறது. அதற்கு வலி மாத்திரை. வலி மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அழுத்தம் கூடிவிட்டதே என்று அம்லோடிபின் இரட்டிப்பாகிறது. இதில் ஒவ்வொருவரும் தம் முன்னால் இருந்த குறைக்கு உரிய மருந்தைத்தான் எழுதினார்கள். முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மற்றவை எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் நிபுணர் ஒரு காரணத்தோடு தொடங்கிய மருந்தை, குறிப்பாக இதயத்துக்கோ வலிப்புக்கோ கொடுத்ததை, அவரிடம் பேசாமல் நிறுத்தக் கூடாது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் டாக்டர். நான் சொல்வதை என் கணவரிடம் சொல்லிவிட மாட்டாரா?

சொல்லக் கூடாது. நோயாளி நம்பிச் சொன்னதை அவர் இறந்த பிறகும் காக்க வேண்டும் என்பது 1948இல் உலக மருத்துவக் கழகம் ஏற்று, பின்னர் பல முறை திருத்திய ஜெனீவா உறுதிமொழியில் இருக்கிறது. குடும்பம் முழுவதும் ஒருவரிடமே வரும்போது இந்தக் கடமை இன்னும் கடுமையாகிறது. மனைவியின் பதிவேடு மனைவிக்குரியது, கணவர் வந்து "அவளுக்கு என்ன?" என்று அக்கறையோடு கேட்டாலும், "அவர்களிடமே கேளுங்கள், அல்லது இருவரும் சேர்ந்து வாருங்கள்" என்பதுதான் விடை. பதின்பருவப் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் சில நிமிடம் தனியாகப் பார்ப்பதும் இதனால்தான். அந்தச் சில நிமிடங்களில் வெளியே வரும் செய்திகள் வேறு எப்படியும் வராது.

விதிவிலக்குகள் உண்டு. சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொற்றுநோய், குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை, இன்னொருவரின் உயிருக்கு நேரடியான ஆபத்து, நீதிமன்ற ஆணை ஆகியவை பொதுவாக இதில் அடங்கும். விவரம் நாட்டுக்கு நாடு மாறும். அப்படிச் சொல்ல நேர்ந்தாலும், முடிந்தவரை உங்களிடம் முதலில் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

மனசு சரியில்லை என்பதற்கெல்லாம் அவரிடம் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மனச்சோர்வு பெரும்பாலும் மனச்சோர்வு என்ற பெயரோடு வருவதில்லை. தீராத அசதி, உடம்பு வலி, பசியின்மை, தூக்கமின்மை என்ற பெயர்களில்தான் வருகிறது. தைராய்டுக் குறைவும் இரத்தசோகையும் அதேபோலத் தோன்றக்கூடும் என்பதால் இரண்டு பக்கமும் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று மருத்துவர் நேராகக் கேட்டால் அதிர வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அதைச் சொல்ல ஓர் இடம் கிடைத்த நிம்மதிதான் வருகிறது.

எதற்கெல்லாம் அவரிடம் வராமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சை அழுத்தி வியர்வையோடு கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வாழ்நாளில் காணாத அளவுக்குத் திடீரென வெடித்ததுபோல் வரும் தலைவலி, கடும் மூச்சுத்திணறல், மருந்தோ பூச்சிக்கடியோ பட்டு உதடும் தொண்டையும் வீங்குதல், மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழத்தலும் தொடையிடுக்கில் மரத்துப்போதலும். இவற்றில் எதற்கும் குடும்ப மருத்துவரின் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் நிபுணராகிறார்கள். இடம் கிடைக்காதவர்கள்தான் குடும்ப மருத்துவத்துக்கு வருகிறார்கள் என்கிறார்களே?

இந்தக் கேள்வியை மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஜேம்ஸ் மெக்கன்சி 1879 முதல் 1907 வரை இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஆலை நகரத்தில் பொது மருத்துவராக இருந்தவர். நாடித் துடிப்பையும் கழுத்து இரத்தக்குழாயின் (சிரையின்) துடிப்பையும் ஒரே தாளில் பதியும் கருவி ஒன்றை அமைத்து, தம்முடைய நோயாளிகளையே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்தார். இடையிடையே தப்பும் துடிப்புகளில் பல ஆபத்தில்லாதவை என்று அவரால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அப்படித் துடித்தவர்கள் பல ஆண்டுகள் நலமாக வாழ்வதை அவர் நேரில் பார்த்ததுதான். பெரிய மருத்துவமனையில் ஒரே முறை பார்த்து அனுப்புபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

வில்லியம் பிக்கில்ஸ் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு ஒன்றின் கிராமங்களுக்கு மருத்துவராக இருந்தார். யார் யாரை எப்போது சந்தித்தார்கள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்ததால், தொற்று மஞ்சள் காமாலை உடலுக்குள் புகுந்து வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டுச் சொன்னார். ஜூலியன் டூடர் ஹார்ட், வேல்ஸில் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில், நோய் என்று வந்தவர்களை மட்டும் பார்க்காமல், தம் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் இரத்த அழுத்தம் அளந்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதியது இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. இவர்கள் மூவரும் சாதித்தது, ஒரே மக்களோடு ஒரே இடத்தில் நீண்ட நாள் இருந்ததால். மூன்றாவது கேள்வியின் விடையில் நோயாளிக்குப் பயன் என்று நான் சொன்னது மருத்துவருக்கு அறிவாகவும் ஆகிறது.

யாருக்கு இந்தத் துறை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தை அடிவரை தோண்டினால்தான் நிறைவு என்பவருக்கும், முடிவு தெரியாமல் இரண்டு நாள் இருக்க முடியாதவருக்கும் இது வேதனையாக இருக்கும்.

வருமானமும் வேலைச் சுமையும் எப்படி இருக்கும்?

பணம் வரும் முறை உலகெங்கும் மூன்று விதம்: ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம், பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு நபருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்ற தொகை, மாதச் சம்பளம். பல நாடுகளில் இவற்றின் கலவை நடைமுறையில் இருக்கிறது. முதல் முறையில் வருகைகளைக் கூட்டும் சபலமும், இரண்டாவதில் ஒவ்வொருவருக்கும் குறைவாகச் செய்யும் சபலமும் உண்டு. எந்த முறையில் வேலை செய்கிறோமோ அதன் சபலத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அறுவைச் சிகிச்சைத் துறைகளின் வருமானத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலான இடங்களில் இது குறைவுதான்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்துக்கு வெளியே அறிக்கைகளைப் படிப்பது, கடிதம் எழுதுவது, தொலைபேசியில் பதில் சொல்வது, பதிவேடு எழுதுவது என்று கண்ணுக்குத் தெரியாத வேலை நிறைய இருக்கிறது. தனியாகக் கிளினிக் நடத்துபவருக்கு விடுமுறை கிடைப்பது அரிது. இரண்டு மூன்று மருத்துவர்கள் சேர்ந்து நடத்தினால், ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் பார்க்கலாம். பதிவேடு தெளிவாக இருந்தால் தொடர்ச்சியும் அறுபடாது. புதிதாக வருபவர்களுக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

கோபித்துக்கொள்ளக் கூடாது. அவரிடம் சொல்லிவிட்டே போங்கள். பழைய அறிக்கைகளையும் ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால் எடுத்த பரிசோதனைகளையே மீண்டும் எடுக்க நேரும். பல மருந்துச் சீட்டுகள் சேர்ந்து உண்டாக்கும் சங்கிலியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டும் டாக்டர் மறுக்கிறார். இது என்ன நியாயம்?

உங்கள் வேண்டுகோள் அன்பிலிருந்து வருகிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். ஆனால் இரகசியம் பற்றிய விடையில் சொன்னபடி, அந்தச் செய்தியின் உரிமையாளர் உங்கள் அப்பா. அதை உங்களிடம் சொல்வதற்கே அவருடைய சம்மதம் வேண்டும். இன்னொன்று: பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏதோ தீவிரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதும், அறைக்குள் வந்ததும் பேச்சை மாற்றுவதும் அவருக்குப் புரியும். அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பதை அவர் கேட்க முடியாது. ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாகச் சுமக்கும் அந்த நிலை மிகக் கொடியது.

அதற்காகக் கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதும் இல்லை. அனுபவமுள்ள மருத்துவர் முதலில் உங்கள் பயத்தைக் கேட்பார்: சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள்? பிறகு உங்கள் அப்பாவிடம், "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? முடிவுகளை விவரமாகத் தெரிந்துகொள்ள விருப்பமா, அல்லது வீட்டில் யாரிடமாவது நான் பேச வேண்டுமா?" என்று கேட்பார். "என் மகளிடம் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு விவரம் வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான்; அதை மதிக்க வேண்டும். "எனக்குச் சொல்லுங்கள்" என்றால் பொய் சொல்ல முடியாது. அவர் கேட்கும் வேகத்தில், கேட்கும் அளவுக்கு, முடிந்தால் நீங்களும் அருகில் இருக்கும்போது சொல்லப்படும்.

சொன்ன பிறகுதான் குடும்ப மருத்துவரின் வேலை கூடுகிறது. நோய் முற்றிய நிலையில், நடந்து வர முடியாதவரை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கடும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படலாம். சரியான அளவில் கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை, ஆனால் மலச்சிக்கல் உண்டாக்கும் என்பதால் முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரவில் வலி கூடினால் எந்த மாத்திரை, மூச்சுத் திணறினால் என்ன செய்வது, யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போக விருப்பமா, செயற்கைச் சுவாசம் வேண்டுமா என்பவற்றை அப்பா தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அவரைக் கவனித்துக்கொள்ளும் அம்மா தம்முடைய சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடுகிறாரா, இரவில் தூங்குகிறாரா என்றும் அதே வருகையில் கேட்டுவிட வேண்டும். அவரும் அந்த மருத்துவரின் நோயாளிதான்.